ஹீமோபிலியாவுக்கு கிளினிக்கல் ட்ரையல்: நெல்லைச் சீமையில இருந்து தேடிப் போற குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்க அக்கா மவனுக்கு சிவியர் ஹீமோபிலியா ஏ. ரத்தத்தை உறைய வைக்குற ஃபேக்டர் எட்டுங்கிற பொருள் அவன் உடம்புல கிட்டத்தட்ட இல்லவே இல்ல, சும்மா உக்காந்திருக்கும்போதே மூட்டுக்குள்ள ரத்தம் கசிஞ்சு முட்டி வீங்கிக்கிடும். "வேலூர்ல ஒரே தடவையில குணமாக்குதாவளாம்லா, கூட்டிட்டுப் போக வேண்டியதானே"ன்னு கல்யாண வீட்டுலயும் துட்டி வீட்டுலயும் ஆளாளுக்கு சொல்லுவாவ. எங்க போயி யாரைப் பாக்கணும், என்ன பேப்பர் கேப்பாவ, செலவு யாரு தலையில விழும்னு திருப்பிக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அக்காவுக்கும் அத்தானுக்கும் இங்கிலீஷ் ஃபாரம்னாலே பயம், அதனால அலைச்சல் முழுக்க எனக்குத்தான். அதுல தெரிஞ்சுக்கிட்டத வரிசையா எழுதுதேன்.

முதல்லயே ஒண்ணு. ட்ரையலை, அதாவது புது மருந்தை ஆளுகளுக்குக் குடுத்து சோதிச்சுப் பாக்குற ஆராய்ச்சியை, தேடிக் கண்டுபிடிக்கது ஒரு சாயங்கால சோலி. அதுல சேர்றதுக்குத் தகுதியான பேப்பர் கையில இருக்கதுதான் மாசக்கணக்குல ஆகுற சோலி. அதனால ட்ரையல் கண்ணுல படட்டும், அப்புறம் பாப்போம்னு இருக்காதீங்க, கீழ உள்ள முதல் மூணு படியையும் இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. நான் டாக்டர் இல்ல, மருந்து சம்பந்தமா எந்த முடிவா இருந்தாலும் உங்க ஹெமட்டாலஜி (ரத்த நோய்) டாக்டர் கிட்டதான் எடுக்கணும்.

1. நோய்க்கு நம்பர் வாங்குங்க

"ஹீமோபிலியா பாசிட்டிவ்", "ஃபேக்டர் கம்மி"ன்னு எழுதின ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு எந்த ட்ரையல்லயும் சேர முடியாது. இங்ஙன ஒரு லேப்ல எங்களுக்கு அப்படித்தான் குடுத்தாவ, சதவீதமே போடாம. அத எடுத்துட்டுப் போன இடத்துல திரும்பிக்கூடப் பாக்கல. வேண்டியது இதெல்லாம்:

ஃபேக்டர் அளவு சதவீதத்துல. 1க்கு கீழன்னா சிவியர், 1ல இருந்து 5 வரை மாடரேட், அதுக்கு மேல மைல்ட். பெரும்பாலான ட்ரையல் சிவியர் ஆளுகளைத்தான் கேக்கும், சிலது மாடரேட்டையும் எடுக்கும்.

இன்ஹிபிட்டர் டெஸ்ட், பெதஸ்டா யூனிட்ல. மருந்தா ஊசியில போடுற ஃபேக்டரையே உடம்பு எதிரியா நெனச்சு எதிர்ப்புப் பொருள் உண்டாக்குதாங்கிற டெஸ்ட் இது. இன்ஹிபிட்டர் உள்ளவங்களுக்குன்னு தனி ட்ரையல், இல்லாதவங்களுக்குன்னு தனி ட்ரையல், அதனால இந்த ஒரு நம்பர்தான் நீங்க எந்தப் பக்கம்னு முடிவு பண்ணும். பழைய ரிப்போர்ட் செல்லாது, புதுசா கேப்பாங்க.

ஹெச்ஐவி, ஹெப்பட்டைட்டிஸ் பி, சி டெஸ்ட், லிவர் ஃபங்ஷன் டெஸ்ட். வயசான பேஷன்ட்டுக, முந்தி ரத்தமும் பிளாஸ்மாவும் ஏத்துனவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஜீன் டெஸ்ட், அதாவது எந்த இடத்துல மியூட்டேஷன்னு. இது எல்லா ட்ரையலுக்கும் தேவைப்படாது, இருந்தா நல்லது.

ரத்தம் குடுக்குறதுல ரெண்டு கண்ணி இருக்கு. ஃபேக்டர் எட்டு வெளிய எடுத்த கொஞ்ச நேரத்துலயே கெட ஆரம்பிக்கும், சீக்கிரம் பிளாஸ்மாவைப் பிரிச்சு உறைய வைக்கணும். நம்ம ஊர் கலெக்ஷன் சென்டர்ல எடுத்து சாதா டப்பாவுல வச்சு சென்னைக்கு அனுப்புனா வர்ற நம்பரை நம்ப முடியாது. "எடுத்து எத்தனை மணி நேரத்துல பிரிப்பீங்க, எங்க வச்சு டெஸ்ட் பண்ணுவீங்க"ன்னு கேட்டுட்டே கையை நீட்டுங்க. அடுத்தது, ஃபேக்டர் போட்ட மறுநாளே போய் ரத்தம் குடுத்தா போட்ட ஃபேக்டர்தான் நம்பர்ல தெரியும். சாதா ஃபேக்டர்னா மூணு நாளாவது இடைவெளி வேணும், ரொம்ப நேரம் நிக்கிற வகை ஃபேக்டர்னா டாக்டர் கிட்ட கேட்டுக்கோங்க. அந்த மூணு நாள்ல ப்ளீடிங் வந்தா டெஸ்ட்டைத் தள்ளிப் போட்டுட்டு ஃபேக்டரைப் போடுங்க, டெஸ்ட்டுக்காக வலியைத் தாங்க வைக்காதீங்க.

வேற அரிய ரத்த நோய் உள்ளவங்களுக்கும் வழி இதேதான், நம்பர் மட்டும் மாறும். பிஎன்ஹெச்னா (சிவப்பணு உடையுற நோய்) ஃப்ளோ சைட்டோமெட்ரிங்கிற ரத்த டெஸ்ட்ல வர்ற குளோன் அளவும் எல்டிஹெச் அளவும், அப்ளாஸ்டிக் அனீமியான்னா (மஜ்ஜை போதுமான ரத்த அணுக்களை உண்டாக்காத நோய்) போன் மேரோ பயாப்ஸி ரிப்போர்ட்டும் செல் எண்ணிக்கையும்.

2. ப்ளீடிங் டைரி, இதுலதான் பாதி பேர் அடிபடுறது

ஹீமோபிலியா ட்ரையல் எல்லாம் கடைசியில எண்ணிப் பாக்குறது ஒண்ணத்தான், வருஷத்துக்கு எத்தனை ப்ளீடிங் வருதுன்னு. மருந்து போட்ட பிறகு எத்தனைன்னு சொல்லணும்னா அதுக்கு முன்னாடி எத்தனைன்னு தெரியணும்ல. அதனால பல ட்ரையல்ல சேர்றதுக்கே கடந்த 6 மாசம், இல்ல 12 மாசத்து ப்ளீடிங் கணக்கை எழுத்துல கேப்பாங்க. "மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும் சார்"ன்னு வாயால சொன்னா எடுபடாது.

40 பக்க நோட்டு ஒண்ணு போதும், ஆப் எதுவும் வேண்டாம். ஒரு பதிவு இப்படி இருக்கணும்:

"செவ்வாய், தேதி போட்டு, காலை 6:30. வலது முட்டி. அடிபடல, தானா வந்தது. தூங்கி எந்திரிக்கும்போது சூடாவும் இறுக்கமாவும் இருந்துச்சு, காலை நீட்ட முடியல. 8:15க்கு ஃபேக்டர் எட்டு 1000 யூனிட், திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில. எடை 42 கிலோ. பேட்ச் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. மறுநாள் காலை வீக்கம் பாதி வத்துச்சு, ரெண்டாவது டோஸ் 1000. ஸ்கூலுக்குப் போகல."

இதுல நேரம், இடம், தானா வந்ததா அடிபட்டதா, எத்தனை யூனிட், எப்ப நின்னுச்சு, இந்த அஞ்சும் கட்டாயம். ஃபேக்டர் டப்பாவுல உள்ள ஸ்டிக்கரைக் கிழிச்சு ஒட்டிடுங்க, சிஸ்டர் கிட்ட கேட்டா குடுத்துடுவாங்க, குப்பையிலதானே போகுது. மருந்தை நிறுத்தி 72 மணி நேரம் கழிச்சு அதே இடத்துல வந்தா அது புது ப்ளீடிங், அதுக்குள்ள வந்தா பழசோட தொடர்ச்சி, இப்படித்தான் கணக்கு வைப்பாங்க, நீங்களும் அப்படியே வையுங்க. ஒரே மூட்டுல 6 மாசத்துல மூணோ அதுக்கு மேலயோ தானா வந்திருந்தா அதை டார்கெட் ஜாயின்ட்னு சொல்லுவாங்க, நோட்டுல அந்த மூட்டைத் தனியா குறிச்சு வைங்க.

ஃபேக்டர் போடாம ஐஸ் வச்சு கட்டுப் போட்டு சமாளிச்ச ப்ளீடிங்கையும் எழுதணும். நம்ம வீட்டம்மாக்கள் இத எழுத மாட்டாவ, "அது சும்மா லேசா வீங்குனது"ம்பாவ. அதுவும் ப்ளீடிங்தான்.

அடிக்கடி ஃபேக்டர் போட்டவங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. வாழ்க்கையில இதுவரை எத்தனை நாள் ஃபேக்டர் ஏறியிருக்குன்னு கேப்பாங்க, நல்ல ஜீனை உடம்புக்குள்ள ஏத்துற ஜீன் தெரபி ட்ரையல்கள்ல 150 நாளுக்கு மேலன்னு கேக்குறது வழக்கம். பழைய ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் பழைய பேப்பர்காரன் கிட்ட போட்டுடாதீங்க.

3. பேரும் பொறந்த தேதியும் ஒண்ணுபோல இருக்கா?

சிரிக்காதீங்க, இதுல நிக்கிறவங்க நிறைய. ஆதார்ல அப்பா பேரு முழுசா, லேப் ரிப்போர்ட்ல இனிஷியல், பர்த் சர்டிபிகேட்ல வீட்டுல வச்ச பேரு, இப்படி மூணு ஆளா இருப்பான் ஒரே பையன். 12 வயசு, 18 வயசுன்னு வயசு வரம்பு வச்சுத்தான் ட்ரையல்ல எடுப்பாங்க, அதனால பொறந்த தேதி ஒரு நாள் மாறியிருந்தாலும் கேள்வி வரும். ஆதாரைத் திருத்த நாள் ஆகும், இப்பவே குடுத்துடுங்க.

எல்லா ரிப்போர்ட்டையும் போன்ல ஸ்கேன் பண்ணி தேதி வரிசையா ஒரே பிடிஎஃப்ஆக்கி மெயில்ல போட்டு வைங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல ஆத்தங்கரை வீடுகள்ல பைலோட போனதெல்லாம் நமக்குத் தெரியும். ஒரிஜினல் பிளாஸ்டிக் கவர்ல, பரண் மேல.

4. தேடுறது

இந்தியாவுல நடக்குற ட்ரையல் எல்லாம் சிடிஆர்ஐ (கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி இந்தியா)ங்கிற இன்டர்நெட் பதிவேட்டுல ஏறியிருக்கணும், மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆர் நடத்துறது, பாக்குறதுக்குக் காசு கிடையாது.  2018 ஏப்ரல்ல இருந்து, முதல் பேஷன்ட்டைச் சேக்குறதுக்கு முன்னாடியே பதிஞ்சாகணும்னு இருக்கு. ஒவ்வொரு ட்ரையலுக்கும் சிடிஆர்ஐன்னு ஆரம்பிச்சு வருஷம், மாசம், ஆறு இலக்கம்னு ஒரு நம்பர் இருக்கும். உங்களை யாராவது ட்ரையலுக்குக் கூப்பிட்டா முதல் கேள்வி "சிடிஆர்ஐ நம்பர் என்ன?" அதுக்குப் பதில் வரலன்னா அங்கேயே முடிச்சுக்கோங்க.

தேடும்போது ஹீமோபிலியாவை பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்லயும் அமெரிக்கன் ஸ்பெல்லிங்லயும், ரெண்டு விதமாவும் அடிச்சுப் பாருங்க, ஒண்ணுல வராதது இன்னொண்ணுல வரும். நோய்க்கு டி66னு ஒரு கோட் நம்பரும் போட்டிருப்பாங்க, அது ஃபேக்டர் எட்டு குறையுற ஹீமோபிலியா ஏ. டி67 ஃபேக்டர் ஒன்பது குறையுற ஹீமோபிலியா பி.

பக்கம் நீளமா இருக்கும், எல்லாம் படிக்க வேண்டாம், முதல்ல இத மட்டும் பாருங்க. ஆள் சேக்குதாங்களா இல்லையாங்கிற வரி, அதுவும் இந்தியாவுக்குன்னு தனியா உள்ள வரி. எந்தெந்த ஆஸ்பத்திரிங்கிற பட்டியல். டிசிஜிஐ (மத்திய அரசோட மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி) அனுமதியும் எத்திக்ஸ் கமிட்டி (பேஷன்ட்டுகளோட பாதுகாப்பையும் உரிமையையும் பாக்குற குழு) அனுமதியும் கிடைச்சாச்சாங்கிற கட்டம். புது மருந்துன்னு சொல்லிட்டு டிசிஜிஐ கட்டத்துல பொருந்தாதுன்னு போட்டிருந்தா ஏன்னு கேளுங்க. அப்புறம் மேலயே கடைசியா எப்ப திருத்துனாங்கன்னு தேதி இருக்கும். ரெண்டு மூணு வருஷமா திருத்தாம "ஆள் சேக்கிறோம்"னே கிடக்குற பக்கங்கள் உண்டு, அத நம்பி வண்டி ஏறிடாதீங்க.

அமெரிக்காவோட கிளினிக்கல்ட்ரையல்ஸ் டாட் கவ்லயும் பாருங்க. நாடு இந்தியா, ஆள் சேக்குறது மட்டும்னு ஃபில்டர் போட்டா பெரிய கம்பெனி ட்ரையல்கள் வரும், அங்க நம்பர் என்சிடின்னு ஆரம்பிக்கும். அந்த நம்பரை எடுத்துட்டு வந்து சிடிஆர்ஐல பாத்தா இந்திய ஆஸ்பத்திரி விவரம் கிடைக்கும்.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியோட ஜீன் தெரபி பத்திக் கேக்குறவங்களுக்கு: அது உண்மைதான். சிவியர் ஹீமோபிலியா ஏ உள்ள அஞ்சு பேருக்குச் செஞ்சு, அஞ்சு பேருக்கும் அதுக்கப்புறம் ப்ளீடிங் வரலன்னு 2024 டிசம்பர்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்துச்சு. அஞ்சே பேரு, எல்லாரும் வளந்தவங்க. நம்ம ஊர்ல சொல்ற மாதிரி ஒரே ஊசியும் இல்ல அது. ரத்த அணுக்களை உண்டாக்குற ஸ்டெம் செல்லை எடுத்து, ஜீனை ஏத்தி, கீமோ மாதிரி மருந்து குடுத்து மஜ்ஜையைக் காலி பண்ணிட்டு, அந்த செல்லைத் திரும்ப உள்ள விடுறது. சின்னப் பிள்ளையைத் தூக்கிட்டு நாளைக்கே வேலூருக்கு ஓடுறதுல அர்த்தம் இல்ல. சிடிஆர்ஐல பாத்து, மெயில் போட்டு, அவங்க வாங்கன்னா போங்க.

5. யாரை எடுப்பாங்க, யாரைத் தள்ளுவாங்க

சிடிஆர்ஐ பக்கத்துல உள்ள இந்த ரெண்டு பட்டியலையும் வரி வரியா பேனாவால டிக் போட்டுப் படிங்க, புரியாததை உங்க டாக்டர் கிட்ட கேளுங்க. ஆளைத் தள்ளுறதுக்கு அடிக்கடி வர்ற காரணம்: வயசு, எடை, இன்ஹிபிட்டர், லிவர் கோளாறு, ஹெச்ஐவி, கொஞ்ச மாசத்துக்குள்ள வேற ட்ரையல்ல இருந்தது, சீக்கிரம் ஆபரேஷன் நடக்கப் போறது. வைரஸ் மூலமா ஜீனை ஏத்துற ட்ரையல்னா ஏஏவிங்கிற அந்த வைரஸுக்கு உடம்புல ஏற்கனவே எதிர்ப்பு இருக்கான்னு பாப்பாங்க, இருந்தா பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. இத வீட்டுல இருந்து தெரிஞ்சுக்க முடியாது, சேக்குறதுக்கு முன்னாடி அவங்க பண்ற ஸ்க்ரீனிங் டெஸ்ட்லதான் தெரியும்.

இங்க ஒரு விஷயத்தை ஆற அமர யோசிங்க. ஏஏவி ஜீன் தெரபி ஒரு தடவை எடுத்துட்டா உடம்புல எதிர்ப்பு உண்டாயிடும், அப்புறம் அதே வகையில இதைவிட நல்லதா ஒண்ணு வந்தாலும் எடுக்குறது கஷ்டம். வாரம் ஒண்ணோ மாசம் ஒண்ணோ போடுற ஊசி ட்ரையல்னா பிடிக்கலன்னா நிறுத்திட்டு வந்துடலாம். ரெண்டையும் ஒரே தட்டுல வச்சுப் பாக்காதீங்க. என்னைக் கேட்டா, பிள்ளைக்கு ஊசி ட்ரையல், ஜீன் தெரபி அவன் வளந்து அவனே முடிவு பண்ணிக்கிடட்டும்னுதான் சொல்லுவேன்.

6. மெயில், போன்

சிடிஆர்ஐ பக்கத்துல பொதுமக்கள் கேள்விக்குன்னு ஒரு ஆள் பேரும் மெயிலும் போட்டிருக்கும், அது பெரும்பாலும் கம்பெனி ஆள். உங்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரியில இருக்குற ட்ரையல் கோஆர்டினேட்டர். ஆஸ்பத்திரி போர்டு நம்பருக்குப் போன் போட்டு ஹெமட்டாலஜி ரிசர்ச் ஆபீஸ்னு கேளுங்க, ஓபி நேரத்துல வேண்டாம், மத்தியானத்துக்கு மேல கூப்பிட்டா பேசுவாங்க.

மெயில் சின்னதா இருக்கணும். சிடிஆர்ஐ நம்பர், பேஷன்ட் வயசு, எடை, ஃபேக்டர் சதவீதம், இன்ஹிபிட்டர் இருக்கா இல்லையா, கடந்த 6 மாசத்துல எத்தனை ப்ளீடிங், அதுல தானா வந்தது எத்தனை, இப்ப என்ன மருந்து, ஊரு திருநெல்வேலி. கடைசியில ரெண்டு கேள்வி: இப்ப ஸ்க்ரீனிங் நடக்குதா, ரிப்போர்ட் அனுப்பலாமா. குடும்பக் கதை எழுதாதீங்க, எனக்கும் எழுதத்தான் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். ஒரு வாரத்துல பதில் வரலன்னா திரும்ப அதே மெயிலை அனுப்புங்க, அதுக்காக யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

வாட்ஸ்அப் குரூப்ல பிள்ளை பேரோட ரிப்போர்ட்டைப் போட்டு "யாராவது உதவுங்க"ன்னு கேக்காதீங்க. அதுல இருந்துதான் ஏஜென்ட்டுக வருவாங்க. ட்ரையல்ல சேத்து விடுறதுக்குக் கமிஷன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. "ஸ்டெம் செல் ட்ரையல், மூணு லட்சம் கட்டுனா போதும்"ன்னு யாராவது சொன்னா அது ட்ரையல் இல்ல, ஆராய்ச்சின்னு சொல்லி பேஷன்ட் கிட்ட காசு வாங்கக் கூடாது.

7. கையெழுத்து போடுற இடம்

இதுக்குன்னு ஒரு நாளை ஒதுக்குங்க. பேஷன்ட் இன்ஃபர்மேஷன் ஷீட்னு இருபது முப்பது பக்கம் வரும். வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிச்சிட்டு வாறேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. "இன்னைக்கே போட்டாத்தான் இடம்"னு அவசரப்படுத்துனா எனக்கு அந்த இடம் பிடிக்காது.

தமிழ்ல கேளுங்க. இது நம்ம பக்கத்து ஆளுகளுக்கு முக்கியம், ஏன்னா வேலூரைவிட நமக்கு திருவனந்தபுரம்தான் கிட்ட, அங்க ட்ரையல் நடந்தா ஃபாரம் மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும்தான் தயாரா இருக்கும். தமிழ் ஃபாரம் வேணும்னா எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலோட வரணும், அதுக்கு வாரக்கணக்குல ஆகும், அதனால முதல் மெயில்லயே சொல்லிடுங்க. வாசிக்கத் தெரியாதவங்களா இருந்தா, வாசிச்சுச் சொல்லும்போது ட்ரையலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும், அவரும் கையெழுத்து போடணும்.

18 வயசுக்குக் கீழன்னா அப்பா அம்மா சம்மதம். கூடவே பிள்ளையோட சம்மதமும் உண்டு, ஏழு வயசுல இருந்து வாயாலயும் 12 வயசுல இருந்து எழுத்துலயும் வாங்குவாங்க. மாமா, சித்தப்பா கையெழுத்து செல்லாது, நான் கூடப் போனதெல்லாம் பேச்சுத் துணைக்குத்தான். இதுவரை எங்கயும் பயன்பாட்டுல இல்லாத புது மருந்துன்னா, பிள்ளைகள் மாதிரி எளிதா பாதிக்கப்படக் கூடியவங்க கிட்ட சம்மதம் வாங்குறத வீடியோ எடுப்பாங்க, அது சட்டம், கேமராவைப் பாத்துப் பதற வேண்டாம்.

கேக்க வேண்டிய கேள்விகள், இத எழுதியே கொண்டு போங்க:

ட்ரையல் நடக்கும்போது ப்ளீடிங் வந்தா ஃபேக்டர் யாரு குடுப்பா, வீட்டுக்குக் குடுத்து விடுவீங்களா? ரெண்டு குரூப்பா பிரிப்பீங்களா, எங்க பிள்ளை மருந்து போடாத குரூப்ல விழுந்தா எத்தனை மாசம் காத்திருக்கணும்? இப்ப அவனுக்குத் தடுப்பா போடுற மருந்தை நிறுத்தணுமா, நிறுத்தி எத்தனை நாள் சும்மா இருக்கணும்? இதுவரை இந்த மருந்துல யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கா? ட்ரையல் முடிஞ்சதும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா?

ரத்தக்கட்டி கேள்வியைக் கூச்சப்படாம கேளுங்க. ரத்தம் உறையலங்கிற நோய்க்கு வர்ற மருந்துல அதுக்கு நேர் எதிரான ஆபத்து வரலாம். ஃபிட்டுசிரான்ங்கிற மருந்தோட ட்ரையலை 2017லயும் 2020லயும் இதனாலயே நிறுத்தி வச்சு, விதிமுறையை மாத்தித் திரும்ப ஆரம்பிச்சாங்க, அப்புறம் 2025ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுச்சு. நிறுத்துனாங்கங்கிறதாலயே அது மோசம்னு ஆயிடாது, கண்காணிக்கிறாங்கன்னுதான் அர்த்தம். ஆனா தெரிஞ்சுக்கிட்டு சேரணும்.

மருந்து தொடர்றதப் பத்தி: புது மருந்துக்கும் கிளினிக்கல் ட்ரையலுக்கும்னு 2019ல வந்த விதிகள்ல இதுக்கு இடம் இருக்கு. மருந்து பலன் குடுத்து, வேற மாற்று வழியும் இல்லாம, டாக்டர் பரிந்துரைச்சு எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்கிட்டா கம்பெனி இலவசமா குடுக்கலாம். தானா நடந்துடாது, அதனால சேரும்போதே கேட்டு வைக்கணும்.

ட்ரையலால பாதிப்பு வந்தா வைத்தியம் அவங்க செலவு, அது ட்ரையலால வரலன்னு நிரூபணமாகுற வரைக்கும். நஷ்டஈடும் உண்டு, 8 லட்சத்தை அடிப்படையா வச்சு வயசு, நோயோட தீவிரம் பாத்துப் போடுற ஃபார்முலா அந்த விதிகள்லயே இருக்கு. எத்திக்ஸ் கமிட்டி ஆளோட பேரும் போன் நம்பரும் ஃபாரத்துல இருக்கான்னு பாத்து போன்ல சேவ் பண்ணிக்கோங்க. கையெழுத்து போட்ட ஃபாரத்துல ஒரு காப்பி உங்க கைக்கு வராம அறையை விட்டு எந்திரிக்காதீங்க. எப்ப வேணா விலகலாம், வழக்கமான வைத்தியத்தை அதனால நிறுத்தக் கூடாது, இதுவும் அதுலயே எழுதியிருக்கும்.

8. காசும் பயணமும்

ட்ரையல் மருந்து, ட்ரையலுக்கான டெஸ்ட் எல்லாம் இலவசம். உங்க கைக்காசு போறது மூணு இடத்துல: சேர்றதுக்கு முன்னாடி எடுக்குற டெஸ்ட், போக்குவரத்து, வேலைக்குப் போகாத நாள் சம்பளம். முதல் வகையை முடிஞ்ச அளவு அரசு ஆஸ்பத்திரியில எடுத்துடுங்க. போக்குவரத்துப் பணம் பெரும்பாலான கம்பெனி ட்ரையல்ல திருப்பித் தருவாங்க, எவ்வளவு, எத்தனை பேருக்கு, எத்தனை நாள்லன்னு ஃபாரத்துலயே பாருங்க. டிக்கெட், ஆட்டோ ரசீது, லாட்ஜ் பில் எதையும் விடாம ஒரு கவர்ல போட்டு வைங்க, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் ஜெராக்ஸும். பணம் வர லேட்டாகும், அதனால முதல் ரெண்டு மூணு பயணத்துக்கு கையில காசு வச்சுக்கிட்டே கிளம்புங்க, அஞ்சு வட்டிக்கு வாங்கிட்டுப் போகாதீங்க.

ரயில்ல ஹீமோபிலியா பேஷன்ட்டுக்கும் கூடப் போற ஒருத்தருக்கும் ஸ்லீப்பர், தேர்ட் ஏசில 75 சதவீதம் சலுகை இருக்கு. ரயில்வே ஃபாரத்துல ஆஸ்பத்திரி டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கி ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுன்டர்ல குடுக்கணும். நிறையப் பேருக்கு இது தெரியாது, முழு டிக்கெட் எடுத்துப் போய்ட்டு வந்துட்டு இருக்காங்க.

வேலூருக்குன்னா விழுப்புரத்துல இறங்கி மாறிப் போகலாம், இல்ல ராத்திரி பஸ். முட்டி வீக்கம் உள்ள பையனை ராத்திரி முழுக்க பஸ்ல மடக்கி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறது நல்லதில்ல, செலவு கொஞ்சம் கூடுனாலும் ரயில்ல படுக்க வச்சுக் கொண்டு போங்க. சிஎம்சிக்கு டவுன்லயும் ராணிப்பேட்டையிலயும் கேம்பஸ் இருக்கு, அப்பாயின்ட்மென்ட் சீட்டுல எதுன்னு பாத்துட்டு இறங்குங்க. ஃபேக்டரை ஐஸ் டப்பாவுல கையோட எடுத்துட்டுப் போங்க, கூடவே டாக்டர் சீட்டும்.

காலக் கணக்கு: மெயில் போட்டதுல இருந்து ஸ்க்ரீனிங்குக்கு சில வாரத்துல இருந்து சில மாசம். ஸ்க்ரீனிங் டெஸ்ட்ல இருந்து சேக்குற வரைக்கும் பெரும்பாலும் நாலு வாரம். சில ட்ரையல்ல மருந்தே போடாம முதல்ல 6 மாசம் உங்களை கவனிச்சுக்கிட்டு மட்டும் இருப்பாங்க. ஜீன் தெரபின்னா ஆரம்பத்துல வாரா வாரம் ரத்தம் குடுக்கணும், அப்புறம் அஞ்சு வருஷம், சில வகையில 15 வருஷம் வரை தொடர்ந்து பாப்பாங்க. போக வேண்டிய தேதிக்கு முன்ன பின்ன ரெண்டு மூணு நாள்தான் விடுவாங்க. பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போகணும், பரீட்சை இருக்குன்னா முதல்லயே காலண்டரை வச்சுக்கிட்டு கோஆர்டினேட்டர் கூட உக்காந்து பேசிடுங்க.

9. சேந்த பிறகு, ஊர்ல வச்சு ப்ளீடிங் வந்தா

ட்ரையல் வேலூர்ல, பையன் விழுறது சங்கரன்கோயில் ஸ்கூல் கிரவுண்ட்ல. ராத்திரி பத்து மணிக்கு கேஷுவாலிட்டில இருக்குற டூட்டி டாக்டருக்கு அந்தப் புது மருந்தைப் பத்தித் தெரிஞ்சிருக்க வாய்ப்பு கம்மி. இது விளையாட்டுக் காரியம் இல்ல. ப்ளீடிங் வராம தடுக்கப் போடுற எமிசிசுமாப் ஊசி எடுக்குறவங்களுக்கு, ஃபீபாங்கிற மருந்தை (இன்ஹிபிட்டர் உள்ளவங்களுக்கு ப்ளீடிங்கை நிறுத்தக் குடுக்குறது) அதிக டோஸ்ல குடுத்தப்ப சின்ன ரத்தக்குழாய்கள்ல கட்டி விழுந்த கேஸ்கள் பதிவாயிருக்கு. எமிசிசுமாப் எடுக்குறவங்களுக்கு, ரத்தம் உறையுற நேரத்தைப் பாக்குற ஏபிடிடி டெஸ்ட் நார்மல்னு காட்டும், அத நம்பி "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க"ன்னும் சொல்லிடலாம்.

அதனால ட்ரையல் ஆஸ்பத்திரியில ஒரு கார்டு குடுப்பாங்க, அத லேமினேட் பண்ணி பையன் ஸ்கூல் பேக்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு, அத்தான் பர்ஸ்ல ஒண்ணுன்னு நாங்க வச்சிருக்கோம். கூடவே ஒரு பக்கத்துல, ப்ளீடிங் வந்தா எந்த மருந்து எத்தனை யூனிட், எது போடக் கூடாது, எந்த நம்பருக்குக் கூப்பிடணும்னு ட்ரையல் டாக்டர் கிட்ட எழுதி வாங்குங்க. அத எடுத்துக்கிட்டு வெள்ளன ஒரு நாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ உங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கோ போயி, வழக்கமா பாக்குற டாக்டர் கிட்ட காட்டி ஃபைல்ல ஒட்டச் சொல்லிடுங்க. அவர் கிட்ட சொல்லாம ட்ரையல்ல சேந்தா அவருக்கும் வருத்தம், உங்களுக்கும் ஆபத்து.

வலிக்கு புரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம், தசையில போடுற ஊசியும் வேண்டாம், இது ஹீமோபிலியா குடும்பங்களுக்குத் தெரிஞ்சதுதான். தெரியாம நடக்குறது நாட்டு மருந்து. ஆச்சி அரைச்சுக் குடுத்த கஷாயமா இருந்தாலும் கோஆர்டினேட்டர் கிட்ட சொல்லணும், லிவர் நம்பர் ஏறுனா காரணம் தெரியாம அவங்க மருந்தையே நிறுத்திடுவாங்க.

10. எடுக்கலன்னு சொல்லிட்டா

ஸ்க்ரீனிங்ல தள்ளிட்டா காரணத்தை எழுத்துல கேளுங்க, எடுத்த டெஸ்ட் ரிசல்ட் காப்பியும் கேளுங்க. அவங்க லேப்ல மெஷின் நல்லதா இருக்கும், நம்பர் சரியா இருக்கும், அடுத்த ட்ரையலுக்கும் உங்க டாக்டருக்கும் உதவும். சில காரணம் தற்காலிகம்: லிவர் நம்பர் லேசா ஏறியிருந்தது, காய்ச்சல், ப்ளீடிங் எண்ணிக்கை பத்தலை. இதுக்கெல்லாம் மறுபடியும் ஸ்க்ரீனிங் பண்ண சில ட்ரையல்ல விதி இருக்கும், எத்தனை வாரம் கழிச்சு வரலாம்னு கேட்டுட்டு வாங்க. இன்ஹிபிட்டர், ஏஏவி எதிர்ப்பு மாதிரி காரணம்னா வேற வகை ட்ரையலைத்தான் பாக்கணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி அந்த ஹெமட்டாலஜி டிபார்ட்மென்ட் பேஷன்ட் லிஸ்ட்ல உங்க போன் நம்பரைக் குடுத்துட்டு வாங்க, புது ட்ரையல் வந்தா அங்க இருந்துதான் முதல்ல கூப்பிடுவாங்க. ஹீமோபிலியா ஃபெடரேஷன் இந்தியாவோட பக்கத்துக் கிளையிலயும் பதிஞ்சு வைங்க. நம்பர் மாத்துனா ரெண்டு இடத்துக்கும் சொல்லுங்க. டைரியை நிறுத்தாதீங்க, அடுத்த ட்ரையலும் கடைசி 6 மாசத்துக் கணக்கைத்தான் கேக்கும்.